ஹால் சுவரில் நாலு சிலைகள்

எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் நாலு படங்களையும் என் மகள் எனக்காகத்தான் வாங்கினாள் என்று ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். அதனால் யார் மீதும் குறை சொல்ல எனக்கு நியாயமில்லை. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

எனக்கு வலது கை கிடையாது. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடையோடு முடிந்துவிடும். மறைமலை நகரில், கார்களுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அப்படிச் செய்தால் வேலை மெதுவாகிறது என்று, ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தியே வைத்திருந்தோம். போடச் சொன்னது ஃபோர்மேன். போட்டது நான். விசாரணை அறிக்கையில் போட்டது மட்டும் இருந்தது, சொன்னது இல்லை. எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. மனைவி மூன்று மாத கர்ப்பம்.

கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை. கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரியின் நம்பரையும் வெளியே போகும் லாரியின் நம்பரையும் எழுதச் சொன்னார்கள். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டேன். ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் எழுதினேன்.

ஆக, என் மகள் என்னை இரண்டு கைகளோடு பார்த்ததே இல்லை. அவளுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. எல்.கே.ஜி.யில் ஒரு பையன் கேலி செய்தபோது, எங்கப்பாவுக்கு ஒண்ணுதான், உங்கப்பாவுக்கு ஏன் ரெண்டு என்று திருப்பிக் கேட்டாளாம். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் என் மனைவியும் டீச்சர். அவள் வந்து சொல்லிச் சிரித்தாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

முழுக்கைச் சட்டை போட்டால் வலது பக்கத்தை மடித்து ஊக்கு குத்திவிடலாம். இடது கையின் பட்டன்தான் வம்பு. இருக்கிற ஒரே கைக்கு அந்தக் கையே எப்படிப் பட்டன் போடும்? அஞ்சு வயதிலிருந்து அவள்தான் போட்டுவிடுவாள். கம்பெனி பஸ் ஆறே காலுக்கு வரும். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து, கண்ணை மூடியபடியே பட்டனைப் போட்டுவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வாள். காலேஜ் போகும்வரை இது நடந்தது. அவளைப் பற்றிக் கசப்பாக எழுதும்போது இதையும் எழுதாமல் விட்டால் பாவம்.

அப்போது முடிச்சூரில் எங்களுக்கு ஒரு தனி வீடு இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் சுவிட்ச் போர்டுவரை வந்தது. பக்கத்து மாடியில் மூன்று நாள் இருந்துவிட்டு இறங்கி வந்தோம். ஃப்ரிட்ஜ் சமையலறையிலிருந்து மிதந்து வந்து ஹாலில் குப்புறக் கிடந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்களெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் முகங்கள் எதிர்ப்பக்கத்தோடு போயின. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தில் கண்ணாடிக்குள் சேறு நின்றது. அந்தப் படத்தில் நான் வலது கையால் என் மனைவியின் கையைப் பிடித்திருப்பேன். எனக்கு அந்தக் கை இருந்ததற்கு வீட்டில் மிஞ்சியிருந்த அத்தாட்சி அது ஒன்றுதான். மகள் அதை வெயிலில் வைத்துப் பார்த்தாள், மின்விசிறிக் காற்றில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சுவர்களில் நாங்கள் எதையும் மாட்டவில்லை.

நான் ரிட்டயர் ஆனதும் அந்த வீட்டை விற்றுவிட்டு, சேலையூர் பக்கம் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். மகள் அப்போது சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை எப்படி அமைப்பது என்பது முழுக்க அவள் பொறுப்பு. சாம்பல் நிறத்தில் சோஃபா, அதே நிறத்தில் திரைச்சீலை. ஒரு சுவரை மட்டும் வெறுமையாக விட்டு வைத்திருந்தாள். அங்கே என்ன வரப்போகிறது என்று என் மனைவி கேட்டதற்கு, வரும்போது பாருங்க என்றாள்.

பார்சல் வந்தபோது நான்தான் வாங்கி வைத்தேன். அட்டையைப் பிரித்துத் தகட்டைத் தொட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர் அலுமினியம். ஓரங்களைச் சுத்தமாக உருட்டியிருந்தார்கள், விரலைக் கிழிக்கவில்லை. கண்ணாடி இல்லை, காகிதம் இல்லை. படமே தகட்டுக்குள் இறங்கியிருந்தது. சூடான பிரஸ்ஸில் வைத்து மையைத் தகட்டுக்குள் இறக்குவார்களாம். மகள் போனில் விளக்கினாள். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுப்பா, துடைச்சா போதும் என்றாள்.

நாலு படங்களும் பழங்காலத்து கிரேக்கச் சிலைகள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பளிங்கு. ஒன்றில் இடுப்புவரை துணி நழுவிய ஒரு பெண் தெய்வம். இரண்டு கைகளும் இல்லை. இன்னொன்றில் சிறகு விரித்த ஒரு பெண். கையும் இல்லை, தலையும் இல்லை. மூன்றாவது ஒரு ஆணின் உடம்பு, கழுத்திலிருந்து தொடைவரை, கைகள் இல்லாமல். நாலாவது, சுருட்டை முடியோடு ஒரு இளைஞனின் தலை மட்டும். மூக்கு நுனி உடைந்திருந்தது. நான்கையும் சோஃபாமேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மனைவி ஸ்கூலிலிருந்து வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என் பெண் வாயால் சொல்ல முடியாத எதையோ சுவரில் சொல்லப்போகிறாள்.

மாட்டிக்கொடுக்க அனகாபுத்தூரிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். என் வயதுக்காரர். படங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா சார், நாலுல மூணுக்குக் கையே இல்ல?"

ஆயிரம் ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து உடைஞ்சுபோச்சாம் என்றேன்.

"உங்களுது?"

பிரஸ் என்றேன். ஒருதடவை தலையாட்டினார். மட்டம் பார்க்கும் குழாயை என் இடது கையில் கொடுத்து, இத்த கொஞ்சம் புட்ச்சுக்கோங்க சார் என்றார். அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நழுவியபோது வலது முழங்கையால் அணைத்தேன். அவர் குறி போட்டு டிரில் பண்ணினார். நாலு படத்துக்கும் அப்படியே செய்தோம். ரிட்டயர் ஆனபின் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது. போகும்போது, மட்டம் கரெக்டா கீது சார், நல்லா புட்ச்சீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு எங்கள் சபைப் போதகரும் பெண்கள் சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். ஜெபம் முடிந்து கேக்கும் மிக்சரும் கொடுத்த பிறகு ஒரு ஆன்ட்டி மெல்ல ஆரம்பித்தார். விசுவாசக் குடும்பத்தில் சிலைப் படம் வைக்கலாமா, அதுவும் துணி இல்லாமல் என்றார். போதகர் ஜன்னல் பக்கம் போய்விட்டார். என் மனைவிக்கு முகம் சுருங்கியது. மகள்தான் கொஞ்சமும் கோபப்படாமல் பதில் சொன்னாள்.

"இது கும்பிடறதுக்கு இல்ல ஆன்ட்டி, பாக்கறதுக்கு. இந்தக் கை மட்டும் இருந்திருந்தா யாரும் இதை இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க. உடைஞ்சு போனதுலதான் அழகே இருக்கு."

நான் தட்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அவள் அதைச் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் பேப்பர் படிக்கும்போது அரைக்கைச் சட்டை போட்டு, அந்த இரண்டு கையும் இல்லாத தெய்வத்துக்கு நேர்கீழே உட்காருவேன். யார் வந்தாலும் எழுந்து போய் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொள்வதை விட்டேன். கொரியர்காரர், கேபிள்காரர், மாடிவீட்டு சார் எல்லாரும் பார்க்கட்டும் என்று இருந்தேன். அறுபது வயதில் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத பெருமை அது.

அப்புறம் அவளுக்கு ஒரு இடம் அமைந்தது. மேடவாக்கத்துக் குடும்பம். பையனை அவளுக்கு ஆபீஸிலேயே தெரியும். நல்ல பையன். இன்றுவரை அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு சனிக்கிழமை அவன் அப்பா அம்மாவோடு வருவதாகச் சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலம், நான் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, மகள் வந்து சோஃபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு அந்தக் கையைப் போட்டுக்கறீங்களா?"

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. வருடங்களுக்கு முன்னால் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், எங்கோ சொல்லி ஒரு ரப்பர் கை செய்து வாங்கிக்கொடுத்திருந்தார். எதையும் பிடிக்காது, தூக்காது. பார்வைக்கு மட்டும். என் நிறத்தைவிட இரண்டு பங்கு வெளுப்பு. இரண்டு முறை போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அவங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும், சொல்லியிருக்கேன் என்றாள். முதல் தடவை வர்றாங்க, பார்த்ததும் அதுலயே கண்ணு போக வேணாமேன்னுதான் என்றாள். சரி என்றேன்.

அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா உள்ளே நுழைந்ததும் படங்களுக்கு எதிரே நின்றுவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை இல்லாத தெய்வத்திடம் வந்ததும், கை இல்லாதது தெரியவே இல்லை பாருங்க, எப்படி நிக்குது என்றார். எங்கே வாங்கினது, எந்த சைஸ் என்று விசாரித்தார். அவர் கணவரும் எழுந்து வந்து பார்த்தார். நான் பக்கத்தில் ரப்பர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பி வந்தது. இடது கையால் டம்ளரை எடுத்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு சமையலறையில் என் மனைவியிடம் அந்த அம்மா மெதுவாகக் கேட்டிருக்கிறார், சாருக்குப் பிறவியிலேயா என்று. பேரப்பிள்ளைகளை நினைத்துக் கேட்டிருப்பார். பயம்தானே. ஆக்சிடென்ட் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. என் கை பிரஸ்ஸில் போனது ஒரு வீட்டில் நல்ல சேதியானது அன்றைக்குத்தான். சம்பந்தம் முடிவானது.

அவர்கள் போனபிறகு வாரைக் கழற்றி அந்தக் கையை மேஜையில் வைத்தேன். உள்ளே தோல் வெந்து சிவந்திருந்தது. மகள் கப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"நான் இப்படி இருக்கறது உனக்குக் கஷ்டமா இருந்தா, இந்தப் படங்களை எதுக்கும்மா வாங்கின?"

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள். மறைக்கிற முகமாக இல்லை அது. கணக்குப் புரியாத பிள்ளையின் முகம்.

"அதுக்கும் உங்களுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

அவளே தொடர்ந்தாள். சோஃபா கலருக்கு பிளாக் அண்ட் ஒயிட் நல்லா இருக்கும்னு தோணிச்சு, நாலும் சேர்ந்து ஒரு செட்டா வந்தது, மெட்டல்னா ஈரத்துக்குக் கெடாதுன்னு எடுத்தேன் என்றாள். ஆன்ட்டியிடம் அன்றைக்குச் சொன்னாயே என்றேன். எதை என்றாள். உடைந்ததில்தான் அழகு என்று. அவளுக்கு நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த வெப்சைட்ல அப்படித்தாம்பா போட்டிருந்தது என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். அப்பா, நீங்க என்று ஆரம்பித்தாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் பின்னால் வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேனா என்று தெரியாது. அவள் வரவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அவளைச் சோதித்துப் பார்த்தேன். அந்தக் கெட்ட புத்தி என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல.

எங்கள் சபை வழக்கப்படி, பெண்ணைக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அப்பா கையைக் கோத்து அழைத்துவர வேண்டும். போதகர் கேட்கும்போது அவள் வலது கையைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும். இடது கையாலேயே எல்லாம் செய்யலாம், ஒரு தடையும் இல்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான் அவளிடம் போய், மாமாவே அழைச்சிட்டு வரட்டும்மா, எனக்குக் கையைப் பிடிக்க அவ்வளவு வசதிப்படாது என்றேன். இல்லப்பா, நீங்கதான் வரணும் என்று அவள் சொல்வாள். நான் மறுப்பேன். அவள் அழுவாள். நான் சம்மதிப்பேன். இப்படியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன்.

அவள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "சரிப்பா, உங்களுக்கு எது வசதியோ அப்படியே செய்யலாம்" என்றாள். அப்போதே மாமாவுக்கு போன் செய்து சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று என் மச்சான் கறுப்பு சூட்டில் அவளை அழைத்துவந்தார். உயரமான மனிதர், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் முதல் வரிசையில் ரப்பர் கையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் கடந்து போகும்போது புன்னகை செய்தாள். எல்லாரையும் பார்த்துச் செய்த அதே புன்னகை. பின் வரிசையில் யாரோ, அப்பா இல்லையா என்று கேட்டார்கள். இருக்காரு, முன்னாடி உட்கார்ந்திருக்காரு என்று இன்னொருவர் சொன்னார்.

வரவேற்பில் போட்டோகிராபர், மாப்பிள்ளை தோள்மேல கை போடுங்க சார் என்றார். ரப்பர் கை தானாக உயராது. நான் தயங்குவதைப் பார்த்து அவரே மேடைக்கு வந்து, அதைத் தூக்கி மாப்பிள்ளையின் தோளில் வைத்தார். வழுக்கி விழுந்தது. இரண்டாவது தடவை சற்று அழுத்தி வைத்தார். நின்றது. மாப்பிள்ளை அசையாமல் நின்றுகொண்டு, பரவாயில்ல அங்கிள் என்றான். மகள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மண்டபத்தின் பின்னால் இருந்த குழாயடியில் அந்தக் கையைக் கழற்றித் தோலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி தேடிக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டா."

கேட்டுத்தான் வாங்கணுமா என்றேன். வேற எப்படி வாங்குவீங்க என்றாள். அவளுக்கு அதற்குமேல் அங்கே நிற்க நேரமில்லை, பந்தியில் கூப்பிட்டார்கள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மகளும் மாப்பிள்ளையும் பெரும்பாக்கத்தில் இருக்கிறார்கள். அந்த நாலு படங்களையும் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியாம்மா என்று கேட்டேன். வேண்டாம்பா, இப்ப யாரும் அந்த ஸ்டைல் வைக்கறதில்ல என்றாள். அவள் வீட்டுச் சுவரில் இலைகளும் கொடிகளும் வரைந்த காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். அதனால் சிலைகள் எங்களிடமே இருக்கின்றன. கழற்றலாம் என்றால், சுவரில் எட்டு ஓட்டை தெரியும் என்கிறாள் என் மனைவி. அவளுக்கு முட்டி வலி, ஸ்டூலில் ஏற முடியாது. சனிக்கிழமைதோறும் நான்தான் ஈரத்துணியால் துடைக்கிறேன். கறை பிடிக்கவில்லை, மங்கவில்லை. நல்ல வேலைப்பாடு. பேப்பரை இப்போது பால்கனியில் உட்கார்ந்து படிக்கிறேன்.

அவள் தினமும் அம்மாவிடம் போனில் பேசுகிறாள். கடைசியில், அப்பா எப்படி இருக்காங்க என்பாள். நல்லா இருக்கேன்னு சொல்லு என்பேன். போன வாரம் கோயில் ஆராதனை முடிந்து இருவரும் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது எனக்குக் குழம்பு ஊற்றிவிட்டு, கரண்டியைப் பாத்திரத்தில் வைக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"ஏன்பா என்கிட்ட சரியாவே பேச மாட்டேங்கறீங்க?"

தொண்டை கட்டியிருக்கும்மா என்றேன்.

வெந்நீர் குடிங்கப்பா என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குக் குழம்பு ஊற்றினாள்.